காற்றின் மேல் வழக்கு

கேள்வி: அலாஸ்காவின் ஒதுக்குப்புற ஏரிகளில் இறங்கும் மிதவை விமானங்கள் கவிழ்வதற்குக் காற்றுதானே காரணம்?

பதில்: காற்றின் மேல் பழி போடுவது சௌகரியம், அது வக்கீல் வைக்காது. ஆனால் காற்றே இல்லாமல் கண்ணாடியாகக் கிடக்கும் நீரில், உயரம் பிடிபடாமல் மோதிய விமானிகளும் உண்டே! சிற்றலை எழுப்பும் சீரான காற்று அவர்களுக்கு நண்பன். வில்லன், மலை இடுக்கிலிருந்து திசைமாறிப் பாயும் திடீர் வீச்சு: ஒரு பக்க இறக்கை எழும்ப, மறுபக்க மிதவை நீரில் புதைய, விமானம் கவிழும். அந்த ஏரிகளில் கட்டுப்பாட்டுக் கோபுரமோ காற்றின் திசைகாட்டும் பையோ கிடையாது. காற்று நீர்மேல் இழுக்கும் கோடுகளைப் படித்துத்தான் இறங்கவேண்டும். 'தண்ணீர்தானே, மெத்தென்று இருக்காதா?' என்பீர்கள். மோதலில் பிழைத்தவர்கள்கூட, கவிழ்ந்த விமானத்துக்குள் தலைகீழாகக் கதவு தேடியே மூழ்கியிருக்கிறார்கள். உயிர்காப்புச் சட்டையை முதலிலேயே அணியுங்கள். ஊதுவது வெளியே வந்தபிறகு. அவசரப்பட்டு உள்ளேயே ஊதினால், மேலே போய்விட்ட விமானத் தரையோடு ஒட்டிக்கொள்வீர்கள்.