முருகனுக்கு 150 ஃபிளாப்பி

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். தீப்பெட்டி வந்தால் லேபிள் வரும். லேபிள் வந்தால் அச்சகம் வரும். அச்சகம் வந்தால் அண்ணாச்சியின் கேள்வியும் வரும்: “ஏம்ப்பா, போன வருஷம் போட்ட டிசைனை எங்கே வச்சே?”

லித்தோ காலத்தில் இதற்குப் பதில் சுலபம். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசை மையால் படம் வரைந்து அச்சடிப்பதுதான் லித்தோ. படம் கல்லிலேயே இருக்கும். வைரஸ் வராது, கரண்ட் போனால் கவலையில்லை, சட்டைப்பையில் போட்டு எதிர் அச்சகத்துக்குக் கடத்தவும் முடியாது. படம் வேண்டாமென்றால் மணலும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துவிட்டு அதே கல்லில் புதுசு வரையலாம். அழித்து அழித்து எழுதலாம் என்று பெரிய ஜப்பானும் கூட்டாளிகளும் 1997-ல் சிடி-ஆர்டபிள்யூவைக் கொண்டுவந்து பீற்றிக்கொண்டபோது குட்டி ஜப்பான் என்று பேரெடுத்த சிவகாசி கொட்டாவி விட்டிருக்க வேண்டும்.

நடுவில் 1956-ல் ஐபிஎம்காரன் ஹார்டு டிஸ்க் என்று ஒன்றைச் செய்தான். இரண்டடி அகலத் தட்டுகள் 50, எடை ஒரு டன்னுக்கு நெருக்கம், கொள்ளளவு சுமார் 5 எம்பி. அப்போது கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த சாமிகள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களில் ஏறிக்கொண்டிருந்தார்கள். 20-க்கு 30 அங்குலக் காலண்டர் முருகனை நான்கு வண்ணத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கம்ப்யூட்டரில் ஏற்றினால் 216 எம்பி வருவார். அவரைக் குடியமர்த்த ஐபிஎம்காரன் 44 பெட்டியும் ஒரு கல்யாண மண்டபமும் கேட்டிருப்பான். நம் வீடுகளில் அவருக்கு ஒரு ஆணி போதுமானதாக இருந்தது.

பிறகு டிடிபி வந்தது, ஃபிளாப்பி வந்தது. ஒரு ஃபிளாப்பிக்கு 1.44 எம்பி. கணக்குப் போட்டால் முருகனுக்கு 150 ஃபிளாப்பி. மயில் இருபதாவதில் ஆரம்பித்து அறுபதில் முடியும், வேல் 97-ல் இருக்கும். படிக்காமல் போவது அந்த 97-தான். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியாக வேண்டும்; முருகனோ நிராயுதபாணி.

ஐயோமெகாவின் 100 எம்பி ஜிப் டிஸ்க் வந்ததும் மூன்றே தட்டில் முருகன் அடங்கினார். ஆனால் அந்த டிரைவ் திடீரென்று ‘டிக் டிக்’ என்று சொடுக்குப் போடும். போட்டால் உள்ளே இருப்பது போனது. 1998-ல் அமெரிக்காவில் வழக்கே நடந்தது. பட்டாசில் சத்தம் வரவில்லையே என்று புகார் வாங்கிப் பழகிய ஊருக்கு, சத்தம் வந்ததற்காகப் புகார் என்பது புதுசு.

சிடி 1982-லேயே பாட்டுக்காக வந்துவிட்டது. நாமே எழுதும் சிடி மலிவாகக் கைக்கு வர இன்னும் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. 700 எம்பி: முருகன், வள்ளி, தெய்வானை மூவரும் ஆளுக்கொரு காலண்டர் அளவில் ஒரே தட்டில், சண்டையில்லாமல். எழுதுவது என்றால், தட்டிலுள்ள சாயத்தை லேசர் சூட்டால் பொசுக்குவது. சிவகாசியில் வெடிபொருள் துறையின் உரிமம் இல்லாமல் கொளுத்த முடிந்தது இது ஒன்றுதான். அந்த வேலைக்கு நாம் வைத்திருந்த நீரோ என்ற மென்பொருளின் சின்னம், தீப்பற்றிய கொலோசியம். ரோமப் பேரரசன் நீரோ செத்த பிறகுதான் கொலோசியம் கட்டவே ஆரம்பித்தார்கள். பாவம், செய்யாத குற்றம்.

சிடியோடு சந்தேகங்களும் வந்தன. “தம்பி, பளபளன்னு இருக்கிற பக்கம்தானே கீறாமப் பாத்துக்கணும்?” இல்லை, அண்ணாச்சி. பளபளப்புப் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பிளாஸ்டிக் காவல் நிற்கிறது. அங்கே விழுந்த சின்னக் கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம். தகவல் இருப்பது பெயர் எழுதும் பக்கத்துக்கு அடியில், மெல்லிய பூச்சில். அங்கேதான் நாம் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி ‘பிள்ளையார் துணை’ எழுதினோம். பிள்ளையார் எவ்வளவுதான் தாங்குவார்?

“சிடி வெடிக்குமா?” வெடிக்கும். 52 எக்ஸ் டிரைவில் தட்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்குமேல் சுற்றும். நடு ஓட்டையில் மயிரிழை விரிசல் இருந்தால் உள்ளேயே ‘டமார்’. திரி கிடையாது, ஓட நேரமும் கிடையாது.

“500 ஜிபி ஹார்டு டிஸ்க் வாங்கினேன், 465-தான் காட்டுது. மிச்சத்தை எவன் எடுத்தான்?” எவனும் எடுக்கவில்லை. கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. இருந்தாலும், பத்தாயிரம் வாலாவை வாங்குகிறவன் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பதில்லை என்பதை அறிந்த ஊர் இந்த விளக்கத்தைச் சிரிக்காமல் ஏற்றுக்கொள்ளாது.

“சி டிரைவ் இருக்கு, ஏ-யும் பி-யும் எங்கே?” அவை ஃபிளாப்பிகளின் இடம். ஃபிளாப்பி செத்த பிறகும் பட்டா அதன் பெயரிலேயே இருக்கிறது.

1983-ல் தொடங்கி, ஃபிளாப்பி செய்து, பிறகு உலகத்துக்கே சிடி செய்து கொடுத்த நம் நாட்டுக் கம்பெனி மோசர் பேயரையும் விட்டுவிடக் கூடாது. படத்தின் விசிடியை 28 ரூபாய்க்கு விற்றார்கள். திருட்டு விசிடிக்காரர்களே தொழில் தர்மம் கெட்டுவிட்டதாக வருந்தியிருப்பார்கள். 2008-ல் பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் மாரியின் கதையான ‘பூ’ படத்தைக்கூடத் தயாரித்தார்கள். பென்டிரைவும் இணையமும் வந்தன. 2018-ல் கம்பெனியைக் கலைத்துச் சொத்தை விற்க உத்தரவாயிற்று.

இந்தச் சரித்திரத்தில் நாணயமாக நடந்தது சிவகாசி மட்டும்தான் என்பது என் தீர்ப்பு. தீக்குச்சிக்குச் சில நொடி, புஸ்வாணத்துக்கு அரை நிமிடம், தினசரிக் காலண்டருக்கு 365 நாள் என்று சொல்லித்தான் விற்கிறது. சிடிக்காரன் நூறு வருஷம் என்றான். நம் வெயிலில் அலமாரியில் கிடந்த மலிவு சிடியின் சாயம் பத்து வருஷத்திலேயே வெளுக்கலாம். ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் சொடுக்குப் போடும். மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் பூட்டி வைத்தால் எஸ்எஸ்டிக்கும் மறதி வரும்.

உங்கள் கல்யாண ஆல்பம் ஒரே ஒரு சிடியில் இருக்கிறதா? சிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டர் தெருவில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, இந்த வாரமே இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அப்படியே ஒரு நல்ல படத்தை அச்சடித்துச் சுவரில் மாட்டிவிடுங்கள்.