வளைவொலி இயல்: பிக்கப் வண்டி திரும்புகையில் எழும் ‘டக் டக்’ குறித்து ஓர் ஆய்வு

பாயிரம் இல்லாதது நூலே அல்ல என்பதால் அதை முதலில் முடித்துவிடுவோம். இவ்வாய்வின் எல்லை, ஸ்டியரிங் நேர்நிலையை விட்டு விலகும் கணம் முதல் மீண்டும் நேராகும் கணம் வரை. நுதலிய பொருள், அந்த இடைவெளியில் வண்டியின் முன்பக்கம் எங்கிருந்தோ எழும் ‘டக் டக்’. கேட்போர், ஓட்டுநர், கிளீனர், வழியில் கை காட்டி ஏறியவர் ஆகியோர். வண்டி முதலாளிக்கு இந்த ஒலி கேட்பதில்லை என்பது முன்னோரால் நிறுவப்பட்டுவிட்டது. ஆகவே அவர் விலக்கப்படுகிறார். பயன், தேவையில்லாத சாமான் வாங்காதிருத்தல்.

முதலில் ஆராயத்தக்கது இண்டிகேட்டர் கொள்கை. திரும்பும்போது மட்டும் எழுந்து, நேரானதும் அடங்கும் சீரான ஒலி வேறெதுவாக இருக்க முடியும் என்று கேட்கிறார்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை என்று அதன் கதி சர்வதேச விதிகளிலேயே வரையறுக்கப்பட்டிருக்கிறது. வண்டியின் வேகத்தோடு அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் நம் களத்தில் இக்கொள்கை நிற்காது. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையை விட்டு வெளியேறும் வண்டிகளைச் சற்று நேரம் நின்று பார்த்தவர் அறிவார்: அந்தக் கடமையைப் பெரும்பாலும் கிளீனரின் கையே செய்கிறது. கை ஒலி எழுப்புவதில்லை. (கதவைத் தட்டும்போது எழுப்பும், அது வேறு இயல்.)

எஞ்சிய உரையாசிரியர்கள் இரு மரபினர். ‘ஸ்டியரிங்லதான் அடிக்குது’ என்பது ஓட்டுநர் மரபு. அவருக்கு அது உள்ளங்கையில் படுகிறது. ‘இல்லண்ணே, சக்கரத்துல வருது’ என்பது கிளீனர் மரபு. அவர் தலை ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. வழக்கைத் தீர்க்க, வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒடிக்க வேண்டும். சக்கரம் உருளாமலே ‘டக்’ வந்தால் ஓட்டுநர் வென்றார்: டை ராட் எண்ட், பால் ஜாயிண்ட், ஸ்டியரிங் ராடில் இருக்கும் சின்ன கிராஸ் (யுனிவர்சல் ஜாயிண்ட்) ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். வராவிட்டால், காலி மைதானத்தில் ஃபுல் லாக்கில் மெதுவாக வட்டமடிக்க வேண்டும். வேகம் கூடக்கூட ‘டக் டக்’கும் விரைந்தால் கிளீனர் வென்றார். இச்சோதனைக்குக் காசு செலவில்லை. அதனாலேயே யாரும் இதை மதிப்பதில்லை.

கிளீனர் வென்ற இடத்தில்தான் மூன்றாம் மரபினர் நுழைகிறார்: முதலாளியின் மைத்துனர். அவரிடம் முன்சக்கர இழுவைக் கார் இருக்கிறது. ‘சி.வி. ஜாயிண்ட் போயிடுச்சு மாப்ள’ என்கிறார். இது பிழையான சாஸ்திரமல்ல, வேறு வண்டியின் சாஸ்திரம். எஞ்சின் சக்தியை வாங்கிச் சுழலவும் வேண்டும், அதே சமயம் திரும்பவும் வேண்டும் என்றால் சாதாரண கிராஸ் ஒத்துவராது. வளைந்த நிலையில் அது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். 1920-களில் ஆல்ஃபிரட் ஷெப்பா என்ற பொறியாளர் வேகம் மாறாத சி.வி. ஜாயிண்ட் ஒன்றால் இதற்கு வழி கண்டார்: ஒரு கூண்டில் ஆறு எஃகு உருண்டைகள், அவை ஓட உள்ளும் புறமும் பள்ளங்கள். மேலே மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண் உள்ளே போகும், பள்ளம் தேயும். பிறகு வளைவில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ‘டக் டக் டக்’. ரிம்மின் உட்புறத்தில் தெறித்த கிரீஸே இதற்குக் கல்வெட்டுச் சான்று. ஒலி தொடங்குமுன் கண்டால் பூட்டையும் கிரீஸையும் மாற்றினால் போதும். தொடங்கிவிட்டால் ஜாயிண்டையே மாற்ற வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப்புகளுக்கு இதெல்லாம் பொருந்தும். ஆனால் சந்தைக்கு வெங்காயம் ஏற்றும் பிக்கப்புகளில் பெரும்பாலானவை பின்சக்கர இழுவை. அவற்றின் முன்சக்கரத்தில் சி.வி. ஜாயிண்டே கிடையாது. இல்லாத உறுப்பு தேய்ந்துவிட்டதாக ஒரு மாலை முழுக்க விவாதிப்பது நம் அறிவுலகில் புதிதுமல்ல.

ஒலி ஏன் மெக்கானிக் முன்னிலையில் எழுவதில்லை என்ற பழம்பெரும் சிக்கலுக்கு வருவோம். திருஷ்டி முதலான காரணங்கள் சொல்லப்படுகின்றன. பட்டறைக்கு வண்டி லோடை இறக்கிவிட்டு வருகிறது என்பதை யாரும் கணக்கில் கொள்வதில்லை. ஒரு டன் ஏறிய வண்டி வளைவில் ஒருபக்கம் சாயும். தளர்ந்த யு போல்ட்டோ, லோடு பாடியைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட்டோ அப்போது நகர்ந்து ‘டக்’ என்று ஒரே ஒரு முறை சொல்லும்: வளைவுக்கு ஒன்று, சக்கரச் சுற்றுக்கு ஒன்றல்ல. மூட்டை இறங்கியபின் அது நகரக் காரணமில்லை. எனவே வண்டியை மூட்டையோடு காட்ட வேண்டும். சந்தை நேரத்தில் இதற்கு உடன்படும் ஓட்டுநர் இன்னும் பிறக்கவில்லை.

எஞ்சியவை சில்லறைக் காரணங்கள். டயர் இடுக்கில் சிக்கிய கல் நேராகப் போனாலும் ஒலிக்கும், எளிதில் அகப்படும். வீடு, கடை, பீரோ என எல்லாச் சாவியும் கோத்த கொத்து ஸ்டியரிங் கவரில் மோதுவதும் உண்டு. தளர்ந்த வீல் நட் மட்டும் விளையாட்டல்ல. அங்கே ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, ஸ்பானரை எடுக்க வேண்டும். வரிசையாக அல்ல, எதிரெதிர் நட்டாக முறுக்கி, சிறிது தூரம் ஓட்டியபின் மறுபடி பார்க்க வேண்டும்.

ஆட்டம் எங்கே என்று அறிய, ஜாக்கி போட்டு முன்சக்கரத்தைத் தூக்குவது முறை. கூடவே ஸ்டாண்டும் வைக்க வேண்டும், ஆய்வாளர்கள் அரியவர்கள். மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆடுவது பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால் பெரும்பாலும் டை ராட் எண்ட். அதை மாற்றினால் அலைன்மெண்ட் பார்த்தாக வேண்டும், இல்லையேல் டயர் ஓரம் தின்னும். நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின்னும் புதிதாக இருக்க வேண்டும். கழற்றிய பழைய பின்னையே சுத்தியலால் நிமிர்த்தி மாட்டும் பாடம் சில பட்டறைகளில் வழங்குகிறது. இவ்வாய்வு அதை இடைச்செருகல் என்று தள்ளுகிறது.