கோச்சி இல்லாத சுரங்கம்

மலையகத்தில் கோச்சிக்கு விழா எடுப்பவர்கள் எங்கள் இறம்பொடைக்கும் ஓர் அழைப்பிதழ் வைக்க வேண்டும். எங்களிடம் சுரங்கப்பாதையே இருக்கிறது, கோச்சிதான் இல்லை. உள்ளே நுழைவது நுவரெலியா பஸ்.

கோப்பியை இறக்கத்தான் துரைமார் தண்டவாளம் போட்டார்கள். 1867இல் கண்டிக்குக் கோச்சி வந்தது. 1869இல் கோப்பிக்கு இலைநோய் வந்தது. 1884இல் கோச்சி ஹட்டனையும் மறுவருசம் நானுஓயாவையும் எட்டிப்பிடித்தபோது கோப்பி அநேகமாகச் செத்திருந்தது. நல்லவேளை, தேயிலை மானத்தைக் காப்பாற்றியது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்கு ஓடிய சின்னக் கோச்சியை 1940களில் நிறுத்தி, தண்டவாளத்தையும் கழற்றியாயிற்று. கழற்றிய பிறகுதானே எதுவும் மரபுரிமை ஆகிறது!

கடுகண்ணாவையில் 2014இல் புகையிரத நூதனசாலை திறந்தார்கள். பழைய எஞ்சின்கள் பளபளவென்று நிற்கின்றன. பாறை உடைத்து மண் சுமந்த தமிழ்க் கூலிகளைத் துடைத்து வைக்க முடியாதுதான். அவர்கள் எஞ்சின் இல்லையே.

விழாக் குழுவினரே, எங்களுக்கு மேடையில் நாற்காலி வேண்டாம். எல்லவுக்குப் போகும் கோச்சியில், வாசலில் தொங்கிப் படம் எடுப்பவர்களுக்கு நடுவே, தோட்டத்து ஆளுக்கும் உட்கார ஒரு சீட் கிடைக்க வழிசெய்யுங்கள்.