சரக்கு இருபது, சாக்கு நூறு

இஞ்சினியர் தம்பி, அந்தப் பெட்டியெல்லாம் அப்புறம் பிரிக்கலாம். ஹட்டன் ரோட்டு வளைவுல வாந்தி எடுக்காம வந்து சேந்ததே பெரிசு. மொதல்ல சாயத்தண்ணி குடிங்க.

இன்டர்நெட் போனுக்கு வீ.பி.என். போடப்போறேன்னீங்க. எங்க லயத்துப் பயலுகளுக்கு அது புதுசில்ல. 2018 மார்ச்சுல திகன கலவரத்தப்ப அரசாங்கம் பேஸ்புக்கை மூடுச்சு. தொங்கல் லயம் வரைக்கும் வீ.பி.என். இறங்கிருச்சு. 2019 ஈஸ்டர் குண்டுக்குப் பொறவும் அதே கதை, 2022 ஏப்ரல்லயும் அதே கதை. ஆனா அது ஒளிஞ்சு போறதுக்கு. உங்க வேலை வேற. கொழும்புல மேசையில இருந்து 201ன்னு தட்டுனா இங்க தோட்டத்து ஆபீஸ்ல மணி அடிக்கணும், 051 சுத்தக் கூடாது, காலுக்குக் காசும் ஏறக் கூடாது. 1992ல தோட்டமெல்லாம் கம்பெனி கைக்குப் போனதுலருந்து பெரிய துரைக்கும் மேல ஒரு கொழும்பு துரை இருக்காரு. அவருக்கு இந்த ஆசை வர்றது நியாயந்தான்.

அந்தக் காலத்துத் தப்பால்காரரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. பூட்டுன பையோட மலையேறுவாரு. ஒரு சாவி போஸ்ட் ஆபீஸ்ல, இன்னொண்ணு பங்களாவுல. நடுவுல யாரு தூக்குனாலும் உள்ள என்னன்னு தெரியாது. உங்க வீ.பி.என். அந்தப் பைதான். ஆனா பை போட்டதுக்காகப் பாதை அகலமாகாது தம்பி. பைக்கும் எடை உண்டு.

கணக்கைப் பாருங்க. ஜி.729ங்கிற கோடெக்குல பேசுனா நொடிக்கு 50 பொட்டலம். ஒரு பொட்டலத்துல குரல் 20 பைட்டுதான். அதுமேல ஒட்டுற விலாசச் சீட்டு 40. வயர்கார்ட்ங்கிற உங்க வீ.பி.என். பையில போட்டா இன்னொரு 60. சரக்கு 20, சாக்கு 100! எட்டு கிலோபிட் பேச்சு ரோட்டுல ஏறும்போது 50 கிட்ட வந்துருது. ஜி.711 போட்டீங்கன்னா நூறைத் தாண்டும். மடுவத்துல சாக்குக்குன்னு கொழுந்துல கிலோ கழிக்கிறது எங்க பரம்பரைப் பழக்கம். நீங்க கழிச்சுராதீங்க, கூட்டுங்க. எத்தனை பேரு ஒரே நேரத்துல பேசுவாங்களோ அத்தனையால பெருக்கி, அது ஏத்துற பக்கத்துல கொள்ளுமான்னு பாருங்க. விளம்பரத்துல கொட்டை எழுத்துல போடுறது இறக்குற வேகத்தை. ரவுட்டர்ல குரலுக்கு முன்னுரிமை குடுங்க. இல்லாட்டி கிளாக்கர் கிரிக்கெட் பாக்குற நேரமெல்லாம் கொழும்பு துரை திக்கித் திக்கித்தான் பேசுவாரு.

பை போற வழி யூ.டி.பி.யா இருக்கட்டும். டி.சி.பி. ரொம்ப ஒழுக்கம். ஒரு பொட்டலம் தொலைஞ்சா அதைத் தேடிக் கொண்டாந்து வரிசையில வச்ச பொறவுதான் அடுத்ததை விடும். சம்பளக் கணக்கு அனுப்ப நல்லது. போன அரை வினாடியில சொன்ன “ஹலோ” இப்ப யாருக்கு வேணும்?

வியாதின்னா ஒண்ணுதான். மணி அடிக்கும், எடுப்போம், கொழும்பு பேசுறது நமக்கு நல்லாக் கேக்கும், நாம பேசுறது கொழும்புக்குக் கேக்காது. இதைப் பழுதுன்னு எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க! 1867ல ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில தேயிலை போட்டதுலருந்து தோட்டத்துல பேச்சு அந்த ஒரு பக்கமாத்தான் ஓடுது. அதைத் திருத்த இதுவரைக்கும் யாரும் பெட்டியோட வரல.

போன்ல இது ஏன் வருதுன்னா, மணி அடிக்கச் சொல்ற எஸ்.ஐ.பி. சேதி ஒண்ணு, குரல் வேற. அந்தச் சேதிக்குள்ள “குரலை இங்க அனுப்பு”ன்னு கொழும்புப் பெட்டி தன்னோட விலாசத்தை எழுதும். அது 192.168ல தொடங்குற உள்வீட்டு விலாசம், வெளியில செல்லாது. பைக்குள்ள போனா செல்லும். அதுக்குத்தான் இந்தப் பாடு. ஆனா கொழும்புலயும் 192.168.1, மேக்கணக்கு ஆபீஸ்லயும் அதே, கீக்கணக்குலயும் அதேன்னு ரவுட்டரைப் பிரிச்ச கையோட மாட்டிட்டா, பொட்டலம் யாரைத் தேடிப் போகும்? மூணு இடத்துக்கும் மூணு வேற எண் வரிசை குடுத்துருங்க. ரவுட்டருக்குள்ள எஸ்.ஐ.பி. ஏ.எல்.ஜி.ன்னு ஒரு ஆளு குந்தியிருப்பாரு, கேக்காமலே விலாசத்தைத் திருத்திக் குடுப்பாரு. மொதல்ல அவரை அணைங்க. கேக்காமலே உதவி செய்ய வர்றவங்களை நாங்க ஒவ்வொரு தேர்தலுக்கும் பாக்குறோம்.

“பை எதுக்கு, ரவுட்டர்ல எஸ்.ஐ.பி.யோட 5060 வாசலைத் தொறந்து விட்டாப் போதுமே”ன்னு உங்க கூட்டாளி யாராச்சும் சொல்வாரு. தொறந்து விடுங்க. ஆளில்லாத ஆபீஸ்லருந்து ராத்திரி முழுக்க எவனோ வெளிநாட்டுக்குப் பேசுவான். பில்லு வரையில கூட்டாளி லீவுல இருப்பாரு.

இன்டர்நெட்டுக்குச் செட்டலைட்டா? 36,000 கிலோமீட்டர்ல நிக்கிறது வேணாம். பேச்சு போய்ச் சேரவே கால் வினாடி ஆகும். நல்ல பேச்சுக்கு ஐ.டி.யூ. சொல்ற எல்லை 150 மில்லிவினாடி. 2025 ஜூலையில நாட்டுக்கு வந்த ஸ்டார்லிங்க் ரொம்பக் கீழதான் சுத்துது, அது தேவலை. ஆனா தட்டுக்கு வானம் தெரியணும். பங்களாவைச் சுத்தி நிக்கிற சைப்ரஸ் மரத்துல கை வைக்க துரை விடுவாரான்னு நீங்களே கேட்டுக்கங்க.

கரண்டையும் யோசிச்சீங்களா? பழைய போனுக்குக் கரண்டு எக்ஸ்சேஞ்சுலருந்து கம்பியிலயே வந்துச்சு. உங்க போன் சுவரை நம்பி நிக்குது. 2022 மார்ச் கடைசியில ஒரே நாள்ல 13 மணி நேரம் இருட்டுல கெடந்தோம். போனுக்கு மட்டும் யூ.பி.எஸ். வச்சுப் பிரயோசனமில்ல, ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் சேத்து வைங்க.

கடைசியா ஒண்ணு. டிஸ்பென்சரிக்கு 204ன்னு நம்பர் போட்டிருக்கீங்க, புண்ணியமாப் போகும். ஆனா அந்தப் போன்ல ஆம்புலன்சுக்கு 1990 அடிச்சா, அழைப்பு கொழும்பைச் சுத்தித்தான் வெளிய போகும். பை அறுந்து கெடக்கிற நேரம் அதுவும் போகாது. பிரசவ வலி உங்க வயர்கார்டுக்காகக் காத்திருக்காது தம்பி. அதனால டிஸ்பென்சரியில இருக்கிற பழைய லைனை வெட்டாம விடுங்க. அதுக்கு ஏன் வீணா மாசாமாசம் கட்டுறீங்கன்னு கொழும்புலருந்து கேப்பாங்க. “தோட்டத்துல யாரோ சொன்னாங்க சார், லைன் கிளியரில்ல, பேரு சரியாக் கேக்கல”ன்னு சொல்லி வச்சுருங்க.