ஒளித்து வைத்த பெருமக்களுக்கு

வோல்வோ 240 காரை வடிவமைத்த பெருமக்களே, உங்களைப் புகழாமல் இருக்க முடியவில்லை. 1974 முதல் 1993 வரை 26 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள். அவற்றில் பல இன்றும் ஓடுகின்றன. 1959-இல் உங்கள் பொறியாளர் நீல்ஸ் போலின் மூன்று முனை சீட் பெல்ட்டைத் தந்தபோது, அதன் காப்புரிமையை மற்ற கம்பெனிகளுக்கும் திறந்துவிட்டீர்கள். எதையும் ஒளிக்கத் தெரியாதவர்கள் என்று உலகம் உங்களை நினைத்துவிட்டது. ஹீட்டர் கோரை வைத்த இடத்தைப் பார்த்தவர்களுக்கே உங்கள் முழுத் திறமையும் தெரியும்.

ஹீட்டர் கோர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினில் 90 டிகிரி வரை சூடேறிய கூலன்ட் அதற்குள் ஓடும். விசிறி அதன் வழியே காற்றை ஊதும். சுவீடனின் பனிக்காலத்திலும் முன்கண்ணாடி தெளியும். சின்னப் பொருள்தான். ஆனால் அதற்கு நீங்கள் கொடுத்த காவல்! நடுக் கன்சோல் கழல வேண்டும், டேஷ்போர்டு கழல வேண்டும், காற்றுக் குழாய்கள் வெளியே வர வேண்டும், பிறகு கைக்கு எட்டாத கிளிப்புகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து ஹீட்டர் பெட்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். மூலவரைத் தரிசிக்கக்கூட இத்தனை வாசல் தாண்ட வேண்டியதில்லை. பொருளின் விலை கொஞ்சம், கூலி மலையளவு. மெக்கானிக் குடும்பங்கள் மேல் இவ்வளவு கரிசனம் வேறு யாருக்கு வரும்?

கோரும் உங்கள் வளர்ப்பு அல்லவா, ஒழுகுவதிலும் அதற்கு அடக்கம். சத்தம் போடாது. கால்விரிப்பு நனையும், காருக்குள் இனிப்பாக ஒரு வாசனை வரும், முன்கண்ணாடியின் உள்பக்கம் துடைக்கத் துடைக்க மங்கலாக்கும் ஒரு பிசுக்கு படியும். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் தாராள குணம் உள்ளது. கீழே சொட்டினால் நாய்க்கும் பூனைக்கும் இனிப்பாகவே விருந்து வைக்கும். கொஞ்சம் நக்கினாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும். மறுவிருந்துக்கு அழைக்கும் சிரமம் பெரும்பாலும் இராது.

இன்னொரு பெருந்தன்மையையும் சொல்ல வேண்டும். ஹீட்டர் வால்வையும் காருக்குள்ளேயே, டேஷ்போர்டின் அடியில் வைத்தீர்கள். அது ஒழுகினாலும் கால்விரிப்புதான் நனையும். குனிந்து கைவிட்டு வால்வையும் ஹோஸ் கிளாம்ப்புகளையும் முதலில் தடவிப் பார்க்கிறவர், டேஷ்போர்டைப் பிரிக்கும் பாக்கியத்தை இழந்துவிடக்கூடும். பார்க்காதவருக்கு அந்தப் பாக்கியம் நிச்சயம்.

ஒழுகலை அடைக்கும் பாட்டில் மருந்தின் சமத்துவத்துக்கும் ஒரு வணக்கம். ஓட்டை எது, ஓட வேண்டிய வழி எது என்ற பேதமே அதற்குக் கிடையாது. குறுகலாக எது கண்ணில் பட்டாலும் படியும்; கோருக்கும் ரேடியேட்டருக்கும் ஒரே நீதி. ஒழுகல் நிற்கலாம், கூடவே சூடும் நின்றுவிடலாம்.

எஞ்சின் பக்கத்தில் கோருக்குப் போகும் ஹோஸையும் திரும்பி வரும் ஹோஸையும் ஒரு துண்டுக் குழாயால் இணைத்துக் கோரையே விலக்கிவிடுகிறார்கள் சிலர். கோடையில் அது நியாயம்; கூலன்ட் வீணாகாது, எஞ்சின் பிழைக்கும். ஜனவரியில் கண்ணாடி உறைந்து, கீறிவிட்ட ஓர் ஓட்டை வழியே பாதையைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அப்போதும் உங்கள் பெல்ட் ஓட்டுகிறவரைக் காக்கும். பாதையைக் கடக்கும் பிள்ளையைக் காக்க அதற்கு நீளம் போதாது.

வருஷக்கணக்கில் கூலன்ட்டை மாற்றாத உரிமையாளரின் பொறுமைக்கும் இதில் பங்கு உண்டு. அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் தீர்ந்து, கூலன்ட் அமிலமாகி, உலோகத்தை உள்ளிருந்தே தின்னும் வரை அவர் காத்திருந்தார். எர்த் வயர் தளர்ந்திருந்தால் மின்சாரமும் கூலன்ட் வழியே ஓடி அந்த அரிப்புக்கு ஒத்தாசை செய்யும். இப்போது கூலி முழுதும் கொடுத்துப் புதுக் கோர் போட்டுவிட்டு, வடித்து வைத்த பழைய கூலன்ட்டையே மறுபடி ஊற்றச் சொல்கிறார். அவருடைய சிக்கனத்தால் அந்த மெக்கானிக்குக்கு அதே டேஷ்போர்டில் இன்னொரு முறையும் வேலை உண்டு.