இது கடன் இல்லைங்க

மகளுக்கு லேப்டாப். பட்ஜெட் 35,000 ரூபாய், அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று ஞாயிற்றுக்கிழமை காலை இட்லிக்கு நடுவே அறிவித்தேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் பட்ஜெட்டை எதிர்க்கும் வழக்கமே இல்லை. பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள், பிறகு இன்னும் கொஞ்சம் சட்னி வேண்டுமா என்பார்கள்.

மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். டேலி ஓட வேண்டும், எக்செல் ஓட வேண்டும், பாடம் சம்பந்தமான வீடியோ ஓட வேண்டும், பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாத வீடியோ அதைவிட நன்றாக ஓட வேண்டும். இதற்கு எது போதும் என்று கேட்டால், பதில் சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறான். என் மச்சான்.

2011 செப்டம்பரில் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச மடிக்கணினித் திட்டத்தில், பிளஸ் டூ படிக்கும்போது லேப்டாப் வாங்கியவன் அவன். அதில் சாம்பார் கொட்டி, தானே பிரித்து, தானே துடைத்து, தானே மூடி, கடைசியில் இரண்டு ஸ்க்ரூ மிச்சமானதிலிருந்து எங்கள் குடும்பத்துக்கு அவன்தான் ஹார்டுவேர் இன்ஜினீயர்.

"மாமா, கிராபிக்ஸ் கார்டு இல்லாம மட்டும் வாங்கிடாதீங்க."

"டேலிக்கு எதுக்குடா கிராபிக்ஸ் கார்டு?"

"இப்ப வேணாம். பின்னாடி தேவைப்படும்."

பின்னாடி என்றால் பொங்கல் லீவு. அவன் வந்து கார் ரேஸ் ஆட வேண்டும்.

அண்ணா சாலையிலிருந்து கேசினோ தியேட்டர் பக்கம் திரும்பினால் ரிச்சி தெரு. மூன்று ரூபாய் ரெசிஸ்டரிலிருந்து மூன்று லட்ச ரூபாய் சர்வர் வரை அங்கே இடித்துக்கொண்டு போகலாம். ஒரு கடையில் கல்லாவுக்குப் பின்னால் திங்க்பேடுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். "ஐ.டி. கம்பெனி லீஸ் முடிஞ்ச பீஸ் சார். பிறந்ததுலேருந்து ஏசியிலயே இருந்தது" என்று ஒன்றைத் திறந்து காட்டினார் கடைக்காரர். கீபோர்டில் 'ஏ' தேய்ந்து வழவழவென்று இருந்தது. கன்ட்ரோலும் 'சி'யும் அதைவிட மோசம். காப்பியடித்தே காலம் தள்ளிய எவரோ வைத்திருந்த மெஷின். 16,500 சொன்னார். நான் நடக்க ஆரம்பித்ததும் 14,000 என்றார்.

விலை மனசுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் அது ஆறாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட் போட்ட கணக்கு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவையும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். "அதெல்லாம் ஏத்தித் தரேன் சார், ஓடும்" என்றார் அவர். ஓடும்தான். அப்டேட் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு குறுக்குவழி தேட வேண்டியிருக்கும், அதற்கும் மச்சானைத்தான் கூப்பிட வேண்டும். எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட பழைய மெஷின் நல்ல நிலையில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம் என்பதுதான் இன்றுவரை என் கட்சி. மகள் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, இதுல ஆபீஸ் வாசனை அடிக்குது" என்றாள். கட்சி அங்கேயே தோற்றது.

புது மெஷின் என்றால் அது வேறு உலகம். ரைசன் 5 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். நம்பரில் மூன்றாவது இலக்கத்தைப் பார்க்க வேண்டுமாம். 7520-யூ என்றால் முன்னாலிருக்கும் 7 புதுசாகத் தெரியும். மூன்றாவதாக நிற்கும் 2 தான் ஜாதகம். உள்ளே இருப்பது 2019-ல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530-யூ என்றால் ஜென் 3. ஒரே ஒரு இலக்கம், அதற்குள் ஒரு தலைமுறை. போதாததற்கு 7520-ல் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். 8 ஜி.பி. வாங்கினால் ஆயுசுக்கும் 8 ஜி.பி. தான். பிறகு 16 ஆக்கலாம் என்று விற்பவர் சொன்னால், எந்த இடத்தில் என்று கேளுங்கள். அவர் மேனேஜரைக் கூப்பிடுவார்.

512 ஜி.பி. என்று வாங்கினால் விண்டோஸ் 476 என்று காட்டும். யாரும் திருடவில்லை. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. மளிகைக் கடையில் இப்படி எடை போட்டால் சண்டை வந்திருக்கும்.

இவ்வளவையும் படித்துத் தயாராகி ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். விற்பனைப் பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். நல்ல பையன், சிரித்த முகம். என் மூன்றாவது இலக்கத்தைப் பற்றி அவன் கவலைப்படவே இல்லை.

"பட்ஜெட் எவ்வளவு சார்?"

"35,000."

"அது இருக்கட்டும் சார். மாசம் எவ்வளவு கட்டுவீங்க?"

எனக்கு விளங்குவதற்குள் கால்குலேட்டரை எடுத்துவிட்டான். "இது 36,000. ஆறு மாசம். மாசம் 6,000 வருது. உங்களுக்குக் கஷ்டம். இதைப் பாருங்க, 45,000. ஒன்பது மாசம், 5,000 தான். இன்னும் ஈஸியா வேணும்னா அந்த மாடல் 60,000, பதினைஞ்சு மாசம், 4,000. இதுல கிராபிக்ஸ் கார்டும் இருக்கு." மச்சான் என் தோளுக்குப் பின்னாலிருந்து பெருமூச்சு விட்டான். "72,000-க்கு ஒண்ணு இருக்கு சார். இருபத்திநாலு மாசம். வெறும் 3,000."

விலை ஏற ஏறத் தவணை இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் இரண்டு மாடல் தள்ளி நின்றிருந்தால் கடைக்காரர் எனக்கு மாசாமாசம் அனுப்பத் தொடங்கியிருப்பார்.

நான் ஆடிட்டர் ஆபீஸ் குமாஸ்தா. எண்ணைப் பார்த்தால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. 45,000 மாடல் நன்றாக இருந்தது: 7530-யூ, 16 ஜி.பி., ரேமுக்கு ஸ்லாட். பட்ஜெட்டுக்கு 10,000 மேலே என்பதை யாரும் நினைவுபடுத்தவில்லை, நானும்தான். ரொக்கமாகக் கொடுத்தால் 1,500 குறைப்பார்களாம். கிரெடிட் கார்டில் ஒன்பது தவணை போட்டால் 'நோ காஸ்ட்', செலவே இல்லையாம். செலவில்லாமல் பேங்க் ஏன் ஒன்பது மாதம் என்னோடு நடக்கிறது?

உள்ளே நடப்பது இது. பேங்க் 15 சதவீத வட்டி போடும். அந்த வட்டி அளவுக்கு, சுமார் 2,690 ரூபாயை, விலையில் முன்கூட்டியே கழித்துக் காட்டிவிடுவார்கள். ஆக, 42,310 கடன், ஒன்பது தவணை, மொத்தம் 45,000. வட்டி வட்டியாகத்தான் இருக்கிறது. வேட்டி மட்டும் மாற்றிக் கட்டியிருக்கிறது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. தனியாக வரும்: 484 ரூபாய். பிராசசிங் கட்டணம் 199, அதற்கும் ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 719. விட்ட தள்ளுபடி 1,500-ஐயும் சேர்த்தால் செலவில்லாத தவணைக்குச் செலவு 2,219 ரூபாய். பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் 'செலவே இல்லை' பிறந்தது.

ஷோரூம் மூலையில் ஃபைனான்ஸ் மேஜை போட்டு இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். கார்டு இல்லாதவர்களுக்கு அவர். "வருஷத்துக்குப் பத்து பர்சன்ட்தான் சார்." 40,000 வாங்கினால் வட்டி 4,000, ஆக மொத்தம் 44,000, பன்னிரண்டு தவணை. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மாசாமாசம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறோமே, கடைசி மாதம் நம் கையில் மூவாயிரத்துச் சொச்சம்தானே பாக்கி? முழு 40,000-க்கும் கடைசிவரை வட்டி கட்டினால், குறையும் பாக்கிக் கணக்கில் அது ஏறத்தாழ 18 சதவீதம். 2024 அக்டோபர் 1-லிருந்து கடன் கொடுப்பவர், எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் போட்டுத் தர வேண்டும். அந்தத் தாளைக் கேட்டேன். "கையெழுத்து போடுறப்ப வரும் சார்" என்றார். கல்யாணம் முடிந்ததும் பெண்ணைக் காட்டுகிறேன் என்பது மாதிரி இருந்தது. எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டில் மகாசபை கூடியது.

மாமனார் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "58 வயசு வரைக்கும் டிக்கெட் கிழிச்சேன் மாப்பிள்ளை. ஒரு ரூபா கடன் கிடையாது. கடன் வாங்கிப் பொருள் வாங்குற புத்தி நம்ம குடும்பத்துக்கு ஆகாது." அவர் இதைச் சொன்னபோது தலைக்கு மேலே சுவர்க் கடிகாரம் பதினொன்று அடித்தது. வி.ஜி.பி.யில் தவணைக்கு வாங்கிய கடிகாரம். சென்னைக்காரர்களுக்கு ரேடியோவையும் கடிகாரத்தையும் தவணையில் வாங்கப் பழக்கியவர் வி.ஜி. பன்னீர்தாஸ். அவரிடம் வேலை பார்த்த வசந்தகுமார் 1978-ல் தனியாக வசந்த் அண்ட் கோ தொடங்கி, அதே தவணையை ஊர் ஊராகக் கொண்டுபோனார். கடிகாரத்தை நான் நிமிர்ந்து பார்த்ததை மாமனார் கவனித்துவிட்டார்.

"அது தவணை மாப்பிள்ளை. கடன் இல்ல."

மனைவி வேறு வழி சொன்னாள். "வளையலைப் பேங்க்ல வெச்சுடலாங்க. அது கடனா? நம்ம நகை, அங்க பத்திரமா இருக்கும். லாக்கர் வாடகையும் மிச்சம்."

"யார்கிட்டயாவது கைமாத்தா வாங்கிக்கலாம் மாமா" என்றான் மச்சான். என்னிடம் அவன் வாங்கிய கைமாத்து ஒன்று இருக்கிறது. அவன் கணக்கில் அது கடனில்லை. என் கணக்கில் வராக்கடன். "இல்லேன்னா லோனே போட்டுடுங்க. கடன் வாங்கினாத்தான் சிபில் ஸ்கோர் ஏறும்." 300-லிருந்து 900 வரை போகும் அந்த மதிப்பெண்ணில் அவன் எவ்வளவு எடுத்திருக்கிறான் என்று கேட்டேன். டீ ஆறுகிறது என்றான்.

நான் மட்டும் ஒழுங்கா? இருபது வருட வீட்டுக் கடன் ஓடுகிறது. அதைக் கடன் என்று என் வாயால் சொன்னதே இல்லை. சொத்து சேர்க்கிறேன் என்பேன். ஆக, எங்கள் வீட்டில் கடன் என்பது மற்றவர்கள் வாங்குவது.

வாக்கெடுப்பு நடக்கும் நிலையில் மனைவி உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். எதிர்வீட்டு அக்கா நடத்தும் ஏலச்சீட்டு. இருபது பேர், ஆளுக்கு 2,500, மொத்தம் 50,000. ஏழாவது மாத ஏலம் அன்று மாலைதான். அது பதிவு செய்த சீட்டா, 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்று ஆரம்பித்தேன். அவள் பார்த்த பார்வையில் சட்டம் அடங்கிவிட்டது.

அன்றைக்கு ஏலத்தில் கடும் போட்டி. மூன்றாம் வீட்டில் காதுகுத்து, கடைசி வீட்டில் காலேஜ் ஃபீஸ். 4,000-ல் தொடங்கி 7,000 தள்ளி என் மனைவி எடுத்தாள். 43,000 கைக்கு வந்தது. ரொக்க விலை 43,500. குறைந்த ஐந்நூறு அஞ்சறைப் பெட்டியில் கடுகுக்குக் கீழே இருந்தது. அங்கே பணம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

ரொக்கம் கொடுத்து லேப்டாப் வாங்கி வந்தோம். மாமனார் குங்குமம் வைத்தார். மச்சான் கிராபிக்ஸ் கார்டு இல்லாததை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். மகள் தூங்கியபின் எனக்குக் கை அரித்தது. எக்செல்லைத் திறந்தேன். இடப்பக்கம் கார்டுத் தவணைக்கு ஆகியிருக்கும் கூடுதல் செலவு: 2,219. வலப்பக்கம் சீட்டில் தள்ளியது: 7,000. அதில் அக்காவின் கமிஷன் 2,500 போக, மீதி 4,500-ஐ இருபது பேருக்குப் பங்கு பிரித்ததில் எங்களுக்குத் திரும்பி வந்தது 225. முந்தைய மாதங்களில் வந்த பங்கையும் கருணையோடு சேர்த்துப் பார்த்தேன். இடப்பக்கம்தான் மலிவு.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திரையைப் பார்த்தாள். வெளிச்சம் நல்லா இருக்கு என்றாள். பிறகு கணக்குக்கு வந்தாள்.

"சரி, 7,000 போச்சு. எங்க போச்சு? அக்காவுக்குக் கொஞ்சம், காதுகுத்து வீட்டுக்குக் கொஞ்சம், ஃபீஸ் கட்டுற வீட்டுக்குக் கொஞ்சம். நம்ம தெருவுலதானே இருக்கு? பேங்க்குக்கா போச்சு?"

இந்த வாதத்துக்கு எக்செல்லில் ஃபார்முலா இல்லை. திண்ணையிலிருந்து மாமனார் குரல் கொடுத்தார்.

"அவ சொல்றது சரி மாப்பிள்ளை. சீட்டு கடன் இல்ல."

இன்னும் 13 மாதம் கட்ட வேண்டும்.