நான் தக்கை மந்திரியாக இருந்த காலம்

போன வருஷம் இங்கிலாந்தில் மகள் வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை என்னைத் தட்டு சுடும் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். ஓர் இயந்திரம் தட்டை வானத்தில் விசிறும். அதைத் துப்பாக்கியால் சுட வேண்டும். பன்றி இல்லை, கடலைக்காடு இல்லை, வேலியும் இல்லை. வெறும் தட்டு. காசு கொடுத்துச் சுடுகிறார்கள்.

வாசலில் ஒரு பலகை வைத்திருந்தார்கள். "நார்த் தக்கை போட்ட தோட்டாவுக்கு மட்டும்தான் இங்க அனுமதி மாமா. பிளாஸ்டிக் தக்கை கூடாதுங்கறாங்க" என்றார் மாப்பிள்ளை. விலையும் நார்த் தக்கைக்குத்தான் கூடுதலாம். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பலகையைக் கும்பிட்டேன். பெரியவருக்குக் குளிர் தலைக்கேறிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ, மாப்பிள்ளை காரிலிருந்து இன்னொரு ஸ்வெட்டரை எடுத்து வந்தார்.

அவருக்கு எங்கே தெரியப்போகிறது? நார்த் தக்கை போட்டதற்காக என் தாத்தாவை, எங்கள் பேச்சில் அப்புச்சியை, ஊர்ப் பஞ்சாயத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நாரைப் பிரித்துக் கொடுத்த குற்றவாளி நான்.

ஆனைமலை அடிவாரம், 1968. இன்றைக்குப் பொள்ளாச்சி என்றால் தென்னை, அன்றைக்கு நிலக்கடலை. எங்கள் தோட்டத்தில் தென்னை வரப்பிலும் கிணற்றோரத்திலும் நின்றதோடு சரி. கடலை காய் பிடித்த அன்றே மலையில் இருக்கும் பன்றிகளுக்குத் தந்தி போய்விடும். ராத்திரி குடும்பத்தோடு வரும், உழுத காடு மாதிரி கிளறிவிட்டு விடிவதற்குள் போய்விடும். பயிர்க் காவலுக்கென்று அப்புச்சி லைசென்ஸோடு ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். ஒற்றைக்குழல், வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற வகை. லைசென்ஸ் புத்தகத்தில் 'எஸ்.பி.எம்.எல்.' என்று எழுதியிருக்கும். அது துப்பாக்கி வகையின் சுருக்கெழுத்து. எங்கள் ஊர் அதைப் பெரிய படிப்பு என்று எடுத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் அச்சடித்ததும் உண்டு.

அந்தத் துப்பாக்கிக்கு முதலில் மருந்து, அதன்மேல் தக்கை, அதன்மேல் ரவை, ரவை கொட்டிவிடாமல் மறுபடி ஒரு தக்கை. கம்பியால் இடித்துக் கெட்டித்து, அடியில் கேப்பை மாட்டிக் குதிரையை இழுத்துவிட வேண்டும். இதில் மருந்துக்கும் ரவைக்கும் உள்ள மரியாதை தக்கைக்குக் கிடையாது. ஆனால் வேலையெல்லாம் அதன் தலையில்தான். மருந்து வெடித்துக் கிளம்பும் ஆவியைப் பின்னாலேயே அடைத்து நிறுத்தி, ரவையை ஒரே கையாகத் தள்ள வேண்டியது தக்கை. அது தளர்ந்தால் ஆவி ரவைக்குள் புகுந்து ஓடிவிடும். சத்தம் கேட்கும், புகை வரும், பன்றி நின்று திரும்பிப் பார்க்கும். எங்கள் தோட்டத்துப் பன்றிகள் அப்படித் திரும்பிப் பார்த்துப் பழகியவை.

மருந்தும் ரவையும் காசு கொடுத்தால் வரும். தக்கைக்குக் காசு கொடுப்பதை அப்புச்சி குலத்துக்கே இழுக்கு என்று நினைத்தார். "கண்ணு, தக்கைக்கு என்ன இருக்குன்னு பாரு" என்பார். அதுதான் எனக்குப் பதவிப் பிரமாணம். பதினோரு வயதில் தக்கை மந்திரி ஆனேன்.

கையில் கிடைத்ததெல்லாம் தக்கைதான். தேங்காய் நார் முதலிடம். பிறகு பழைய சாக்கு, கிழிந்த வேட்டி, இலவம்பஞ்சு, நோட்டுப் புத்தகத் தாள். அமெரிக்காவில் குளவிக் கூட்டை உரித்துத் துப்பாக்கிக்குள் திணிக்கும் வழக்கம் உண்டென்று பிற்பாடு படித்தேன். அப்புச்சிக்கு அது தெரியாமல் போனதால் என் முகம் பிழைத்தது. கணக்கில் 17 மார்க் வாங்கிய என் முன்னேற்ற அறிக்கை ஒரு ராத்திரி தானாகவே தக்கையானது. அது போன வேகத்துக்கு, நான் படித்திருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன். தாளைத் தேடி என் அப்பா வீடு முழுக்கப் புரட்டினார். அப்புச்சி மட்டும் என்னைப் பார்த்து மீசைக்குள் சிரித்தார்.

தக்கைக் காகிதம் ஆளைக் காட்டிக் கொடுக்கவும் செய்யும். 1784இல் இங்கிலாந்தின் லான்காஸ்டரில் ஒரு கொலை வழக்கு. செத்தவனின் காயத்துக்குள் கைத்துப்பாக்கியில் திணித்த காகிதத் தக்கை சிக்கியிருந்தது. ஜான் டாம்ஸ் என்பவனின் சட்டைப்பையிலிருந்த கிழிந்த தாளோடு அதை வைத்துப் பார்த்தார்கள். விளிம்பு விளிம்போடு பொருந்தியது. அவனுக்குத் தண்டனை. எங்கள் பன்றிகளில் ஒன்றாவது அடிபட்டு விழுந்திருந்தால், அதன் விலாவிலிருந்து என் கணக்கு மார்க் வெளிவந்திருக்கும். விழவில்லை.

நாரில் ஒரு குணம் உண்டு. பெட்டிக்கடை வாசலில் பீடி பற்றவைக்கக் கயிறு தொங்கவிட்டிருப்பார்களே, நினைவிருக்கிறதா? காலையில் வைத்த நெருப்பு சாயங்காலம் வரை கனிந்துகொண்டே இருக்கும். அதே நார்தான் துப்பாக்கியிலிருந்து கங்காக வெளியே வரும். பரணில் உட்கார்ந்து பார்க்க மின்மினி பறப்பது போல அத்தனை அழகாக இருக்கும். ஒரு மாசி மாதம் அப்படிப் பறந்த மின்மினி ஒன்று பக்கத்துத் தோட்டத்து வைக்கோல் போரில் போய் உட்கார்ந்தது. நாங்கள் பன்றி ஓடிய திசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதுகில் சூடு பட்ட பிறகுதான் திரும்பினோம்.

பஞ்சாயத்தில் அப்புச்சி தலை குனிந்து நின்றார். "நாரை எவனாச்சும் துப்பாக்கில போடுவானா? காசு குடுத்து நல்ல தக்கை வாங்குனா என்னங்க?" என்று ஊரே கேட்டது. கடலை விற்றதும் போருக்கான பணத்தைத் தந்துவிடுவதாக அப்புச்சி வாக்குக் கொடுத்தார்.

இப்போது படித்துத் தெரிந்துகொண்டதை அன்றே தெரிந்து வைத்திருந்தால் அவருக்காக நான் வாதாடியிருப்பேன். ஷேக்ஸ்பியர் நாடகங்கள் நடந்த குளோப் அரங்கம் லண்டனில் 1613 ஜூன் 29 அன்று எரிந்தது எதனால்? நாடகத்தில் ராஜா வரும் காட்சிக்குப் பீரங்கி போட்டார்கள். பீரங்கி வாயை அடைத்திருந்த காகிதமோ கந்தலோ கனன்றபடி கூரைப் புல்லில் போய் விழுந்தது. ஜனங்கள் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அரங்கம் முழுக்கச் சாம்பல். ஆள் சேதம் இல்லை. ஒருவருடைய கால்சட்டை மட்டும் பற்றிக்கொள்ள, பீரை ஊற்றி அணைத்தார்களாம். அவர்களுக்கு ஷேக்ஸ்பியர், எங்களுக்குப் பன்றி. மற்றபடி ஒரே விபத்து.

பஞ்சாயத்துக்குப் பிறகு ரவை வாங்கவும் கை வராமல், அப்புச்சி வெறும் மருந்தும் தக்கையுமாகவே வேட்டு விட்டார். சத்தத்துக்கு ஓடினால் போதும் என்று. ரவையே இல்லையே என்று நாங்களும் எதிரே விளையாடிக்கொண்டிருப்போம். நினைத்தால் இன்றும் உடம்பு உதறுகிறது. 1984இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நடிகர் ஜான்-எரிக் ஹெக்சம் படப்பிடிப்புத் தளத்தில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். குண்டு இல்லை, தக்கை மட்டும்தான். பிழைக்கவில்லை.

அடுத்த அத்தியாயம் மாமாவுடையது. வால்பாறை எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதிய என் தாய்மாமா 12 போர் இரட்டைக்குழல் ஒன்றை வாங்கினார். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டையாகப் பிடித்தால், அதில் ஓர் உருண்டை சரியாகப் போகும் அகலம் அந்தக் குழலுக்கு. இன்றைய அளவில் 18.5 மில்லிமீட்டர் சொச்சம். இதற்குத் தோட்டா போட வேண்டும். காகிதத் தோட்டாக்கள் ஆனைமலை மழையில் அப்பம்போல ஊதிக் குழலுக்குள் போகமாட்டேன் என்று அடம்பிடித்தன. மாமா பித்தளைத் தோட்டாவுக்கு மாறினார். சுட்ட கூட்டை மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். அதெல்லாம் வீட்டில் செய்கிற வேலையா, லைசென்ஸில் அதற்கு இடம் உண்டா என்று அப்போது நான் கேட்கவில்லை. இப்போது கேட்க மாமா இல்லை.

மாமாவுக்கு அப்புச்சியின் நார் என்றாலே ஏளனம். "வெள்ளைக்காரன் கம்பளித் தக்கை போடறான்டா. ஃபெல்ட்டு!" என்பார். வாஸ்தவம்தான். சீமையிலிருந்து வந்த தோட்டாக்களில் அழுத்திய கம்பளித் தக்கைதான் இருக்கும். மருந்தின் உதையை மெத்தைபோல வாங்கிக்கொள்ளும். எஸ்டேட் துரை ஒருவர் விட்டுப்போன ஃபெல்ட் தொப்பி மாமாவிடம் வந்து சேர்ந்தது. ஆசாரியிடம் வட்டமாக வெட்ட ஓர் உளி செய்து வாங்கினார். தொப்பி விளிம்பிலிருந்து உச்சி வரை ஒரு வாரத்தில் காலி. ஆள் ஆளாக நாடாண்ட வம்சத்தின் தொப்பி, வட்டம் வட்டமாகப் போய்ச் சேர்ந்தது.

தொப்பிகள் அடிக்கடி கிடைப்பதில்லை. ரவைக்குமேல் மூடுகிற அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகைகள் வந்தன. மஞ்சள் தடவிய மூலையைத் தவிர்த்துவிட்டு வெட்டச் சொல்வார் மாமா. அது மங்கலமாம், சுடக்கூடாதாம். மணமக்களைச் சுடலாம் போலிருக்கிறது. பத்திரிகை தீர்ந்து சிவகாசி காலண்டர் அட்டைக்கு வந்தபோதுதான் விபரீதம். அட்டை ஒன்று குழலுக்குள்ளேயே தங்கிவிட்டது. கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டார். எலியை விழுங்கிய சாரைப்பாம்பு மாதிரி குழல் நடுவில் புடைத்து நின்றது. மாமாவின் விரல்கள் பத்தும் மிஞ்சியது அவருடைய பெண்டாட்டியின் விரத பலன் என்று அம்மா சொல்வாள். வீட்டில் செய்த தக்கையைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறவர்கள் அந்தக் குழலை ஒரு தரம் பார்த்திருக்க வேண்டும்.

இதற்குள் உலகம் பிளாஸ்டிக்குக்குப் போய்விட்டது. 1960களில் அமெரிக்கக் கம்பெனிகள் தக்கை, மெத்தை, ரவைக் கிண்ணம் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பில் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தன. ஆவி கசியாது. ரவை குழலில் உரசாமல் கிண்ணத்துக்குள் உட்கார்ந்து போகும். சிதறாமல் குறியில் போய் விழும். உண்மையிலேயே கெட்டிக்காரப் பொருள், அதில் சந்தேகமில்லை. நார்க்காரர்களும் தொப்பிக்காரர்களும் பட்டிக்காட்டான்கள் ஆனோம். ஆனால் ஒரு வேட்டுக்கு ஒரு தக்கை வெளியே போய் விழும். மக்காது. வயல், ஏரி, கடற்கரை எங்கும் நாலு இதழ் விரித்த பூ மாதிரி கிடக்கும். பொறுக்க ஆள் கிடையாது, ஆடு மாடு மேயும்.

2020 பிப்ரவரியில் பிரிட்டனின் துப்பாக்கி விளையாட்டு, வேட்டை அமைப்புகள் ஒன்பது கூடி, பறவை சுடும் தோட்டாக்களில் ஈயமும் பிளாஸ்டிக்கும் 5 வருஷத்துக்குள் ஒழிய வேண்டும் என்று அறிவித்தன. சொல்வது சுலபம். ஈயத்துக்குப் பதில் எஃகு ரவை போட்டால் அது குழலைக் கீறும். கீறாமலிருக்கக் கிண்ணம் வேண்டும். கிண்ணமும் பிளாஸ்டிக்காக இருக்கக்கூடாது. அதனால் தண்ணீரில் கரையும் கிண்ணம், மண்ணில் மக்கும் கிண்ணம் என்று விஞ்ஞானிகள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஈய ரவைக்காரர்கள் சத்தம் போடாமல் பழைய நார்த் தக்கைக்குத் திரும்பிவிட்டார்கள்.

மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை என் கையில் வைத்தார். அதற்குள் மரநாரை அழுத்திச் செய்த தக்கை இருக்கிறதாம். பெட்டியில் பச்சை இலைப் படம். "எவ்வளவு இயற்கையா யோசிக்கறாங்க பாருங்க மாமா" என்றார். நான் பத்துத் தட்டில் ஒன்பதை விட்டேன். அந்த விஷயத்தில் எங்கள் வம்சத்துக்குத் தக்கை ஒரு பொருட்டே இல்லை.

ஊரில் இப்போது கடலை இல்லை, எல்லாம் தென்னை. சித்தப்பா பேரன் நார் மில் வைத்திருக்கிறான். நாரும் நார்க்கழிவுக் கட்டியும் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறுகின்றன, அதே பச்சை இலைப் படத்தோடு. அப்புச்சியின் துப்பாக்கி அவர் இருந்தவரை தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பி வந்தது. அவர் போன பிறகு போனது திரும்பவில்லை. பன்றிகள் மட்டும் தென்னங்கன்றைத் தோண்டத் தவறாமல் வருகின்றன. 2025 ஜனவரியில் அரசு ஒரு வழி சொன்னது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம், 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் கூண்டு வைத்துப் பிடிக்கலாம். எங்கள் தோட்டம் இரண்டரை கிலோமீட்டரில் இருக்கிறது. பன்றிகளுக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும், 17 மார்க்குக்காரனைவிட.

ஊர் திரும்பியதும் இந்தக் கதையைப் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொன்னேன். உங்கள் போரை எரித்தது சாதாரணத் தக்கை இல்லைங்க, இன்றைக்குச் சீமையில் பலகை வைத்துக் கொண்டாடுகிற தக்கை என்றேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அதெல்லாஞ் சரிங்க. அந்தப் போருக்குப் பணம் இன்னும் வரலைன்னு எங்கய்யா சாகற வரைக்கும் சொல்லீட்டிருந்தாருங்க."

அந்த வருஷக் கடலையைப் பன்றிகள் தின்றுவிட்டன. பணத்தை நாங்கள் கொடுக்கவில்லை.